சொந்த ஊரில் வெல்லாத இரண்டு கோப்பைகள்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி இரண்டு முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றிருக்கிறது. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் மட்காவ் நகரில் ஒன்று, 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் இன்னொன்று. இரண்டு முறையும் எதிரே நின்றவர்கள் அந்தந்த ஊர் அணிக்காரர்கள். மைதானமும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்தில், தன் ரசிகர்கள் சூழ்ந்திருக்க, இந்த அணி ஒரு இறுதிப்போட்டியை வென்றதே கிடையாது.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு குறை இருக்கலாம். திருவண்ணாமலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எங்களுக்குச் சென்னையே வெளியூர்தான். மட்காவ் ஆனாலும் பெரியமேடு ஆனாலும் டி.வி.யில்தான் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, இந்த அணியின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூரம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. கோப்பைக்கும் சொந்த மைதானத்துக்கும் உள்ள தூரம். அந்த மைதானத்துக்கும் எங்கள் ஊர்ப் பையனுக்கும் உள்ள தூரம்.

முதலில் அணி பிறந்த கதை. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. கிரிக்கெட்டில் ஐ.பி.எல். எப்படியோ, அதே ஏற்பாடுதான். ஊரின் பெயரில் ஒரு அணியை நடத்தும் உரிமையைப் பணம் கட்டி வாங்குவார்கள். சென்னைக்கான உரிமையை நடிகர் அபிஷேக் பச்சனும் தொழிலதிபர் வீடா தானியும் எடுத்தார்கள். மகேந்திர சிங் தோனியும் கூட்டுச் சேர்ந்தார். தோனி பெயரைக் கேட்டதும் எங்கள் தெருவில் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த பொடிசுகள்கூட "இது நம்ம டீமு" என்று நீலச் சட்டை தேட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

உலகில் எல்லாக் கழகங்களும் இப்படிப் பிறந்தவை அல்ல. இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காசர் நகரத்தின் பி.எஸ்.எம். அணி 1915-ல், டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே தொடங்கியது. அங்கே பழைய கழகங்கள் பலவும் ஊர் கூடி அமைத்த கால்பந்துச் சங்கங்கள்தான். ரொம்ப காலத்துக்கு நகர நிர்வாகங்களே பணம் கொடுத்து நடத்தின. தாத்தா ஆதரித்த அணியைப் பேரனும் ஆதரிப்பான். நம் ஊரில் அந்த இடத்தில் இருந்தவை ஆபீஸ் அணிகள். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற அணிகளில் ஆடினால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் வீடு ஒப்புக்கொள்ளும். 'விளையாட்டுக் கோட்டா' என்ற சொல்லை நம்பி எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பின என்பது என் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் ஒரு வங்கி அணிக்காக ஊரே தொண்டை கிழியக் கத்துமா? ஊர்ப் பெயரைச் சுமந்து, நாடு முழுக்க டி.வி.யில் வந்த கால்பந்து அணி என்று பெரும்பாலான தமிழர்கள் அறிந்த முதல் அணி சென்னையின்தான்.

முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாத்தராட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர். முதல் ஆண்டில் பயிற்சியாளராகவும் இருந்தார், இறங்கியும் ஆடினார். பிரேசிலின் எலானோ எட்டு கோல் அடித்து அந்த ஆண்டின் அதிக கோல் வீரர் ஆனார். லீக் சுற்றில் சென்னையின்தான் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அரையிறுதி என்பது இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அதே மூன்று கோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று, கூடுதல் நேரம். பெனால்டிக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்த 117-வது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். அதோடு முடிந்தது. தொண்ணூறு நிமிடத்தில் மூன்று கோல் கடனை அடைத்த ஒரு அணியை அதற்குப் பிறகு எப்படிக் கைவிட முடியும்? நான் இந்த அணியோடு ஒட்டிக்கொண்டது அந்தத் தோல்வியில்தான்.

2015 இன்னும் கடினமான ஆண்டு. லீக் பாதிக்கு மேல் போன பிறகும் அட்டவணையின் அடியில் கிடந்தார்கள். இங்கே எங்களுக்குக் கார்த்திகை தீபம். தீபத்துக்கு முன்னும் பின்னும் திருவண்ணாமலையில் காலி இடம் என்று எதுவும் மிஞ்சாது. தற்காலிகப் பேருந்து நிலையம், வண்டி நிறுத்தம், மாட்டுச் சந்தை என்று ஊரைச் சுற்றி ஒவ்வொரு திடலும் நிரம்பிவிடும். எங்கள் பயிற்சியும் நின்றுவிடும். அந்த நாட்களில் பையன்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்து மேட்ச் பார்ப்போம். அப்போதுதான் இந்த அணி திடீரென்று விழித்துக்கொண்டது. தொடர்ந்து வென்று மூன்றாவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் வந்துவிட்டது. கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா என்ற இளைஞர் பந்தோடு ஓட ஆரம்பித்தால் துரத்துகிறவருக்கு முதுகு மட்டும்தான் தெரியும். அந்த ஆண்டில் மட்டும் 13 கோல்.

அந்த நேரத்தில்தான் சென்னை மூழ்கியது. டிசம்பர் முதல் தேதி பெய்த மழையும் அடையாற்றில் வந்த வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. ஊரே படகில் போய்க்கொண்டிருக்கும்போது கால்பந்து எங்கே நடத்துவது? சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். தங்கள் ஊர் இல்லை, தங்கள் கூட்டம் இல்லை. நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவை அங்கே 3-0 என்று வென்றார்கள். பெலிசாரி, மிசோரத்தின் ஜேஜே, மெண்டோசா ஆளுக்கு ஒன்று. கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் தாண்டிவிட்டார்கள்.

மட்காவ் இறுதியின் கடைசி ஐந்து நிமிடத்தை இன்றைக்கும் பையன்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. மைதானம் முழுக்க ஆரவாரம். 90-வது நிமிடத்தில் பந்து கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியின் மேலேயே பட்டு உள்ளே போகிறது. 2-2. அந்த அதிர்ச்சியிலிருந்து கோவாக்காரர்கள் மீள்வதற்குள், காயத்துக்காகச் சேர்த்த நேரத்தில், மெண்டோசா மூன்றாவதை அடித்துவிடுகிறார். படத்தை நிறுத்திவிட்டு நான் பையன்களிடம் காட்டுவது மெண்டோசாவை அல்ல. இரண்டாவது கோல் விழுந்ததும் கோவா ஆட்டக்காரர்களின் தோள்களைப் பாருங்கள் என்பேன். ஆட்டம் அப்போது சமநிலையில்தான் இருக்கிறது, கோப்பை இன்னும் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான். ஆனால் தோள் தொங்கிவிட்டது. சென்னையின் ஆட்கள் அதே நேரத்தில் பந்தைக் கொண்டுபோய் நடுவில் வைக்க அவசரப்படுகிறார்கள்.

2016 சொல்லிக்கொள்ளும்படி இல்லை, எட்டில் ஏழாவது இடம். மாத்தராட்சி போனார், இங்கிலாந்தின் ஜான் கிரிகரி வந்தார். அவர் கட்டிய 2017-18 அணி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தில் அலங்காரம் குறைவு, கட்டுக்கோப்பு அதிகம். லீக்கில் இரண்டாவது இடம். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் சென்னையில், மறுபடி கோவா. 3-0. ஜேஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று.

தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். வடசென்னையின் அந்தப் பகுதியைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் வேறு விஷயங்களை. அங்கே தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிறார்கள் என்பது வெளியே குறைவாகவே தெரியும். கணேஷ் எகிறித் தலையால் அந்த கோலைப் போட்டபோது, டி.வி. முன்னால் இருந்த எங்கள் கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "சார், அவரு தமிழா?" ஆமாம் என்றேன். அவன் எழுந்து நின்றுகொண்டான். ஆட்டம் முடியும் வரை உட்காரவே இல்லை.

பெங்களூரு இறுதியில் ஒன்பதாவது நிமிடமே எதிரணியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். பிறகு நடந்தது கார்னர் பாடம். கிரெகரி நெல்சன் மூலையிலிருந்து பந்தைத் தூக்கிவிடுகிறார், பிரேசிலின் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டுகிறார், கோல். 17-வது நிமிடம் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் அதே மாதிரி இன்னொன்று. ஒரே இறுதிப்போட்டியில் ஒரே ஆளிடம் ஒரே வழியில் இரண்டு முறை ஏமாறுவது பெரிய அணிகளுக்கும் நடக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

தலையால் முட்டுவது பையன்கள் மிகவும் பயப்படும் வித்தை. பந்து வரும்போது கண்ணை மூடிவிடுவார்கள். கண்ணை மூடினால் பந்து உச்சந்தலையில் விழும், வலிக்கும், அடுத்த முறை இன்னும் பயம். மைல்சனைப் பாருங்கள் என்று நான் காட்டுவது இதைத்தான். கண் திறந்திருக்கிறது, கழுத்து விறைத்திருக்கிறது, பந்து நெற்றியில் பட்டுக் கீழ்நோக்கிப் போகிறது. "பந்து உன்னை அடிக்கக் கூடாதுடா, நீ பந்தை அடி" என்பேன். முதலில் காற்று குறைந்த பந்தைக் கையால் தூக்கிப் போட்டுப் பழக்குவேன். பயம் போன பிறகுதான் கார்னர்.

இடைவேளைக்குப் பின் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். பெங்களூருவுக்கு மிக்கு கடைசியில் ஒன்று போட்டும் 3-2 என்று சென்னையின் இரண்டாவது கோப்பை. சாம்பியன்கள் அடுத்த ஆண்டே பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி. அதற்கும் அடுத்த ஆண்டு, 2019-20-ல், தொடக்கம் அதே லட்சணம். கிரிகரி விலகி ஸ்காட்லாந்தின் ஓவன் காய்ல் வந்தார். வந்ததும் அணி ஓட ஆரம்பித்தது. நான்காவது இடம், அரையிறுதி, அங்கே கோவாவோடு இரண்டு ஆட்டத்தில் 6-5 என்ற நம்ப முடியாத கணக்கு, பிறகு இறுதி. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் அந்த ஆண்டில் 15 கோல்.

2020 மார்ச் 14, மறுபடி மட்காவ். கொரோனா வந்துவிட்டது. ஒரு ரசிகர்கூட உள்ளே இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3-1 என்று வென்றது. தோற்ற ஆட்டம்தான். ஆனாலும் எனக்கு அந்த ஆட்டம் முக்கியம். சென்னையின் அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், தமிழ்நாட்டுப் பையன். எதிரே ஏ.டி.கே.யில் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவர். இந்தியாவின் பெரிய கால்பந்து இறுதியில் இரண்டு பக்கமும் தமிழ் ஆட்டக்காரர்கள். இருவரும் முன்பு ஒரு காலத்தில் ஒரே சிறிய அணிக்காக ஆடியவர்கள்: சென்னை சிட்டி எஃப்.சி.

அந்த அணியைப் பற்றிச் சொல்லாமல் சென்னையின் கதை முழுமையாகாது. பெயரில் சென்னை இருந்தாலும் சிறப்பாக ஆடியது கோயம்புத்தூரில். ஐ.எஸ்.எல்.லுக்குக் கீழே என்று கருதப்பட்ட ஐ-லீக்கில், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த பெத்ரோ மான்சி 21 கோல். 2019 மார்ச் 9 அன்று கடைசி நாள், கடைசி ஆட்டம், வென்றால் கோப்பை. மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு அடிக்க, 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தில், தமிழ்க் கூட்டத்துக்கு முன்னால் வென்ற கோப்பை அது.

வேறு பல நாடுகளில் கீழ் லீக்கில் வென்ற அணி அடுத்த ஆண்டு மேல் லீக்குக்குப் போகும். இங்கே அப்போது அந்த வழியே கிடையாது. ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் முறை 2023-ல்தான் வந்தது, பஞ்சாப் அணி அப்படி ஏறியது. சென்னை சிட்டி அதற்குள் கரைந்துவிட்டது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. எங்களைப் போன்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஏணியின் நடுப் படிகள் உடைந்த கதை. மேலே ஒரு சென்னையின் இருக்கிறது. கீழே மாவட்ட லீக்குகள் இருக்கின்றன. நடுவில் கால் வைக்க இடம் குறைந்துவிட்டது.

"சார், இந்த டீம்ல நம்ம ஊரு ஆளு யாராவது வர முடியுமா?" என்று பையன்கள் கேட்கும்போது நான் பொய் சொல்வதில்லை. முடியும், ஆனால் சுற்றுவழி என்பேன். ஒரு நல்ல மாற்றத்தையும் சேர்த்துச் சொல்வேன். 2014-ல் ஒரு அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம், இந்தியர்களுக்கு ஐந்து இடம்தான். 2021-லிருந்து வெளிநாட்டவர் நான்கு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. ஒவ்வொரு அணியிலும் இரண்டு இந்தியர்களுக்குக் கூடுதலாக வேலை. அந்த இடங்களை மணிப்பூர், மிசோரம் பையன்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள், தகுதியோடுதான். ஜேஜே மிசோரத்தின் ஒரு சிற்றூர்க்காரர். இந்த நீலச் சட்டையில் நாடறிந்த ஆட்டக்காரராகி, 2023-ல் தன் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் ஆகிவிட்டார். அங்கே சிறு ஊர்களிலும் லீக் நடக்கிறது, பையன் வாரா வாரம் ஆடுகிறான். இங்கே என் பையன் வருஷத்தில் ஆடும் உண்மையான போட்டிகள் மிகக் குறைவு. திறமையில் அவன் சளைத்தவன் இல்லை. பௌர்ணமி அல்லாத நாட்களில் விடியற்காலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆட்டம். சென்னையின் எஃப்.சி. இளையோர் தேர்வை மாவட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டும், ஆண்டுக்கு ஒரு ஆட்டமாவது கோயம்புத்தூரிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஆட வேண்டும். இதை நான் ரசிகனாகக் கேட்கிறேன், ஆசிரியனாகவும் கேட்கிறேன்.

2020-க்குப் பிறகு அணி இறுதியை எட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் கொரோனாவால் எல்லா ஆட்டங்களும் கோவாவிலேயே. காய்ல் திரும்பி வந்து 2023-24-ல் ஆறாவது இடம் வரை தூக்கினார். அடுத்த ஆண்டு பதினொன்றாவது. அதைவிடப் பெரிய அடி 2025-ல் விழுந்தது. லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் முடியும் கட்டத்துக்கு வந்தது, புதிது கையெழுத்தாகவில்லை. அடுத்த பருவம் எப்போது என்று யாருக்கும் தெரியாத நிலையில், அந்த ஆகஸ்டில் சென்னையின் தன் முதல்நிலை அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. இரண்டு கோப்பை வென்ற கழகத்தில் ஆட்டக்காரர்கள், சமையல்காரர், சட்டை துவைக்கிறவர் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு கிளிஃபோர்ட் மிராண்டா என்ற கோவாக்காரர் பயிற்சியாளராக வந்தார், அணி சூப்பர் கோப்பையில் இறங்கியது, லீக் 2026 பிப்ரவரியில் தாமதமாகத் தொடங்கியது. ஊர்ப் பெயர் இருந்தாலும் ஊருக்குச் சொந்தமில்லாத ஏற்பாட்டில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதைக் குறைக்கக்கூடியவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்காரும் ஆட்கள் மட்டும்தான்.

எங்கள் பக்கத்திலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து திருவண்ணாமலைக்கு 2024-ல் விட்ட ரயில் மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறது, இரவு ஆட்டம் பார்க்கிறவருக்கு அது உதவாது. திண்டிவனம் வழிப் பேருந்து கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து வண்டலூர் போய் மின்சார ரயில் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம் நடந்தே மைதானம். பிள்ளைகளோடு போகிறவர்கள் திரும்பும் ரயிலை முன்னாலேயே பார்த்து வையுங்கள், ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். இடம் தேர்வு செய்ய முடிந்தால் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர்மச்சான்ஸ்' ரசிகர் குழுக்கள் நிற்கும் பக்கமாகப் போங்கள். மேளம் அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், கார்னருக்குப் பந்து வைக்கும்போது கூட்டம் எப்படி எழுகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். டி.வி.யில் அது தெரியாது.